ஆசிரியர் வேலை வந்திருக்கிறது, ஆனால் பயமாக இருக்கிறது: ஏற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். எம்.எஸ்சி. முடித்து, பி.எட். முடித்து, நாலைந்து பள்ளிகளில் பயோடேட்டா கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். திடீரென்று ஒரு நாள் போன் வரும், "பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டும் உங்களுக்குத்தான், ஜூன்ல வந்து சேர்ந்துடுங்க" என்று. போனை வைத்ததும் வயிற்றைக் கலக்கும். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது, இவர் மட்டும் ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருப்பார். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன், அதனால் உதாரணங்கள் எல்லாம் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்து இயற்பியலிலிருந்தே வரும். வேதியியல், கணிதம், உயிரியல்காரர்கள் தங்கள் புத்தகத்தை வைத்துப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடமே முழுசா தெரியலையே, எந்தத் தைரியத்தில் ஒத்துக்கொள்வது?

இந்த "முழுசா"வை முதலில் உடைத்துப் பாருங்கள். பிளஸ் டூ இயற்பியல் இரண்டு தொகுதி, மொத்தம் 11 அலகு. நிலைமின்னியலில் ஆரம்பித்து, மின்னோட்டவியல், காந்தவியல், மின்காந்தத் தூண்டல் என்று போய், ஒளியியல் இரண்டு அலகு, அப்புறம் இருமைப்பண்பு, அணுக்கரு, எலக்ட்ரானியல், கடைசியில் அண்மைக்கால வளர்ச்சிகள். ஒரு தாளில் பதினொன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: நாளைக்கே நடத்துவேன், ஒரு வாரம் கொடுத்தால் நடத்துவேன், தொடவே பயம்.

என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு "தொடவே பயம்" என்பது இரண்டு மூன்று அலகுக்கு மேல் போனதில்லை. அதிலும் அடிக்கடி வருவது மாறுதிசை மின்னோட்டமும் எலக்ட்ரானியலும்தான். இப்போது பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஜூனில் நடத்தப்போவது நிலைமின்னியல். எலக்ட்ரானியல் பத்தாவது அலகு, அது வகுப்புக்கு வர அக்டோபரோ நவம்பரோ ஆகிவிடும். அதைப் படிக்க உங்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. மார்ச் மாதம் தெரிய வேண்டியதெல்லாம் இன்றைக்கே தெரியவில்லையே என்று மே மாதம் உட்கார்ந்து கலங்குவதில்தான் பலருடைய தூக்கம் போகிறது. முதல் இரண்டு அலகு கைவசம் இருந்து, அதற்குப் பிறகு எப்போதும் வகுப்பைவிட ஒன்றரை அலகாவது முன்னால் ஓட முடியும் என்றால் ஒத்துக்கொள்ளலாம்.

பதினொன்றில் ஏழெட்டு அலகுக்கு எதிரே "தொடவே பயம்" என்று வந்தால் கதை வேறு. அப்போது பிளஸ் டூவை ஏற்காதீர்கள். ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் இருக்கிறதா என்று கேளுங்கள். இது உங்களுக்காக மட்டும் சொல்வது கிடையாது, அந்த வருடம் உங்கள் வகுப்பில் உட்காரப்போகிற பிள்ளைக்கு அந்தப் பொதுத்தேர்வு ஒரே ஒரு தடவைதான் வரும்.

அப்படியென்றால் பிளஸ் டூவை விட்டுவிட்டு பிளஸ் ஒன் மட்டும் கேட்கலாமா? அது சுலபம்தானே?

சுலபம் என்று நினைத்துக் கேட்டு வாங்காதீர்கள். பிளஸ் ஒன்னில் பொதுத்தேர்வு நெருக்கடி குறைவு, 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வே இல்லை என்று ஆகிவிட்டது, அந்த வகையில் நிம்மதிதான். ஆனால் நடத்துவதற்குக் கடினம் எது என்று கேட்டால் நான் பிளஸ் ஒன்னைத்தான் சொல்வேன். இரண்டாவது அலகு இயக்கவியலிலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்து நிற்கும். பிள்ளைகள் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்து வந்திருப்பார்கள். கணிதப் புத்தகத்தில் வகைநுண்கணிதம் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது, கணித ஆசிரியர் அதைத் தொட இன்னும் பல மாதம் ஆகும். ஆக, டி எக்ஸ் பை டி டி என்றால் என்ன என்று முதன்முதலில் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது இயற்பியல் ஆசிரியராகிய நீங்கள். அதற்கு ஐந்தாறு பீரியட் தனியாக ஒதுக்கத் தயார் என்றால் பிளஸ் ஒன் அருமையான இடம். ஒதுக்காமல் சூத்திரத்தை மட்டும் எழுதிப்போட்டால் அந்த வகுப்பு வருடம் முழுக்க உங்களைப் புரியாமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

பி.எட். படிக்கும்போது கற்பித்தல் பயிற்சிக்குப் போனோமே, அது போதாதா?

வகுப்பில் நிற்கும் கூச்சம் போவதற்கு அது போதும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பி.எட். இரண்டு வருடமாக்கப்பட்ட பிறகு பயிற்சிக்காலம் நீண்டிருக்கிறது, ஆனாலும் அங்கே நீங்கள் நடத்தியது இன்னொருவருடைய வகுப்பு. பாடக்குறிப்பு எழுதி, சார்ட் வரைந்து, ஒரு தலைப்பை நடத்திவிட்டு இறங்கிவிடலாம். ஒரு அலகு முழுவதையும் கொண்டுபோய், தேர்வு வைத்து, தாள் திருத்தி, பாதி வகுப்பு ஃபெயில் என்று தெரிந்த பிறகு மறுபடி எங்கிருந்து ஆரம்பிப்பது என்று முடிவெடுக்கிற வேலை அங்கே வந்திருக்காது. அது பள்ளியில் சேர்ந்த பிறகுதான் வரும், யாருக்கும் அப்படித்தான். எனவே "எனக்கு அனுபவம் இல்லை" என்பதை மறுப்பதற்கான காரணமாக வைக்காதீர்கள்.

டெமோ கிளாஸில் திணறினேன். ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். ஆள் கிடைக்காமல் எடுத்தார்களோ?

இருக்கலாம். இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் ஆள் தேடி அலையும் பள்ளிகள் உண்டு. அதனால் என்ன? ஆனால் டெமோவில் எங்கே திணறினீர்கள் என்பதைக் கவனியுங்கள். கரெஸ்பாண்டென்ட்டும் ஹெச்.எம்.மும் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாக்கு உலர்ந்தது என்றால், அது பாடத்தைச் சேர்ந்த பிரச்சினையே கிடையாது, அவர்கள் தினமும் அங்கே உட்காரப்போவதில்லை. கரும்பலகையில் வரைபடம் தப்பாக வந்தது, வருவிப்பில் (டெரிவேஷனில்) பாதியில் நின்றுவிட்டது என்றால் அதைச் சரிசெய்ய வேண்டும். அதே பாடத்தை வீட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரு பிளஸ் டூ பிள்ளைக்கு, புத்தகத்தைப் பார்க்காமல், ஒரு வெள்ளைத்தாளில் எழுதி முக்கால் மணி நேரம் நடத்திப் பாருங்கள். முடித்ததும் அந்தப் பிள்ளையை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது அந்த முக்கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வகுப்பில் ஒரு மாணவன் கேள்வி கேட்டு, எனக்குப் பதில் தெரியாமல் போனால்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது, இதற்குப் பயந்துதான் பாதிப் பேர் வேலையை விடுகிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். லென்ஸ் விதி நடத்துகிறீர்கள். காந்தத்தைக் கம்பிச்சுருளை நோக்கிக் கொண்டுபோனால் சுருளில் தூண்டப்படும் மின்னோட்டம் அந்த மாற்றத்தை எதிர்க்கும் திசையில் இருக்கும். இதைச் சொல்லி, சூத்திரத்தில் மைனஸ் குறி போட்டு, அடிக்கோடும் இட்டுவிட்டீர்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "ஏன் மிஸ் எதிர்க்கணும்? உதவி பண்ணினா என்ன ஆகும்?" என்கிறாள். சூத்திரத்தை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இடத்தில் வியர்க்கும். உதவி செய்தால் என்ன ஆகும் என்று அவளோடு சேர்ந்து யோசித்துப் பார்த்தால் போதும்: காந்தத்தை லேசாகத் தள்ளிவிடுகிறோம், சுருள் அதைத் தன் பக்கம் இழுக்கிறது, காந்தத்தின் வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் மின்னோட்டம் கூடுகிறது, அதனால் இன்னும் பலமாக இழுக்கிறது. யாரும் வேலையே செய்யாமல் ஆற்றல் பெருகிக்கொண்டே போகும். அப்படி நடக்காது, ஆற்றல் அழிவின்மை விதி விடாது, ஆகவே எதிர்த்துத்தான் ஆக வேண்டும். அந்த எதிர்ப்பை மீறிக் காந்தத்தைத் தள்ளுகிற நம் கையின் வேலைதான் மின்னாற்றலாக மாறுகிறது. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அவசரமாகப் படிப்பவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

இதிலிருந்து தயாரிப்புக்கு ஒரு வழி கிடைக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் வருவிப்பைத் தயார் செய்த பிறகு, அதில் வரும் ஒவ்வொரு குறிக்கும், ஒவ்வொரு அனுமானத்துக்கும் "ஏன்?" என்று நீங்களே கேட்டுப் பதில் எழுதிவையுங்கள். பத்துக் கேள்வியில் எட்டு அதிலேயே அடங்கிவிடும். மீதி இரண்டுக்கு, "இது எனக்கு இப்போ உறுதியா தெரியலை, பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் வகுப்பை அந்தப் பதிலோடுதான் ஆரம்பிக்க வேண்டும், அது ரொம்ப முக்கியம். தெரியாது என்று சொன்ன ஆசிரியரைப் பிள்ளைகள் பெரும்பாலும் மட்டமாக நினைப்பதில்லை. "அதெல்லாம் சிலபஸில் இல்லை, உட்காரு" என்று மழுப்புகிறவரைத்தான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என்னைவிட உயரமான பையன்கள். வகுப்பை அடக்க முடியுமா?

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் பதினேழு வயதுப் பிள்ளைகள் முன்னால் நிற்பது கஷ்டம்தான். முதல் இரண்டு வாரம் உங்களை அளந்து பார்ப்பார்கள். அந்த இரண்டு வாரத்தில் அதிகம் சிரித்துக் குழையவும் வேண்டாம், காரணமில்லாமல் கத்தவும் வேண்டாம். பெயர்களைச் சீக்கிரம் மனப்பாடம் செய்யுங்கள், "ஏய், கடைசி பெஞ்ச்" என்பதற்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கொடுத்த நோட்டைத் திருத்தித் திருப்பிக் கொடுங்கள், வைப்பதாகச் சொன்ன குறுந்தேர்வைச் சொன்ன நாளில் வையுங்கள். அடிக்கிற வேலை கூடவே கூடாது, பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே அதைத் தடுக்கிறது, பெரிய பிள்ளைகளிடம் அது இன்னும் ஆபத்து. "நீங்க ஃப்ரெஷ்ஷர், கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருங்க, ரெண்டு போடுங்க" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

நான் தமிழ் வழியில் படித்தவள். பள்ளியோ ஆங்கில வழி. சமாளிக்க முடியுமா?

முடியும், நிறையப் பேர் சமாளித்திருக்கிறார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரே புத்தகம் இரண்டு மொழியிலும் இருக்கிறது, பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அலகு படியுங்கள். மின்பாயம் என்பதை ஃபிளக்ஸ் என்றும், மின்தேக்கியை கெப்பாசிட்டர் என்றும் வாய்க்குப் பழக்க ஒரு மாதம் தாராளம். உங்களுக்குத் தேவைப்படும் ஆங்கிலம் எல்லையில்லாதது கிடையாது, திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களும் இருபது முப்பது வாக்கிய அமைப்புகளும்தான். விளக்கத்தைத் தமிழில் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் பெரும்பாலான ஆங்கில வழி வகுப்புகளில் நடக்கிறது, பிள்ளைகளுக்கும் அதுதான் புரிகிறது. "வகுப்பில் ஆங்கிலம் மட்டும்" என்று கறாராக இருக்கும் பள்ளியா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தைத் தொட்டு வருடக்கணக்காகிறது. செய்முறைக்கு என்ன செய்வது?

இதற்குப் பயப்படுகிறவர்கள் குறைவு, ஆனால் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத்தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. படிப்பில் பின்தங்கிய பிள்ளை எழுத்துத்தேர்வில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. அந்தப் பிள்ளையைக் கரையேற்றுவது செய்முறைதான். ஆக ஆய்வகத்தை அலட்சியம் செய்ய முடியாது.

பல தனியார் பள்ளிகளில் ஆய்வக உதவியாளர் என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார், நீங்களே பூட்டைத் திறந்து, தூசி தட்டி, செல் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். மாணவர்களைக் கூட்டிப்போவதற்கு முந்தைய நாள் சோதனையைத் தனியாகச் செய்துபாருங்கள். மின்தடையை அளக்க உதவும் மீட்டர் சமனச்சுற்றையே (மீட்டர் பிரிட்ஜ்) எடுத்துக்கொள்வோம். இணைத்து முடித்ததும் கம்பியின் இடது கோடியில் ஒரு முறை, வலது கோடியில் ஒரு முறை தொடுசாவியை வைத்து கால்வனாமீட்டர் முள்ளைப் பாருங்கள். இரண்டு கோடியிலும் முள் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். ஒரே பக்கம் விலகினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது தப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள், சமநிலைப் புள்ளியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இணைப்புக் கம்பிகளின் முனையைத் தேய்ப்புத்தாளால் சுரண்டிவிட்டாலே பாதிக் கோளாறு சரியாகிவிடும். தொடுசாவியைக் கம்பி மேல் தேய்த்துக்கொண்டே நகர்த்துவார்கள் பிள்ளைகள், கம்பி தேய்ந்து அடுத்த வருடம் அளவு தப்பும், அதை முதல் நாளே கண்டிக்க வேண்டும். இது மாதிரி விஷயங்கள் எம்.எஸ்சி. சான்றிதழிலிருந்து வராது, கை வைத்தால்தான் வரும். வேலையை ஏற்கும் முன் "ஆய்வகத்தைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பள்ளியின் தரம் அந்த அறையில் தெரியும்.

பொதுத்தேர்வு ரிசல்ட் என் தலையில் விழுமே?

விழும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வினாத்தாளின் அமைப்பு ஒன்றும் மர்மமானது கிடையாது: ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு, மூன்று மதிப்பெண்ணில் ஒன்பதுக்கு ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் "அல்லது" வைத்து ஐந்து. கட்டாய வினாவாகப் பெரும்பாலும் கணக்கு வரும். கடந்த வருடங்களின் தாள்களை மே மாதமே நேரம் வைத்து நீங்கள் எழுதிப் பாருங்கள், பார்க்க மட்டும் வேண்டாம், எழுதுங்கள். மூன்று மணி நேரத்தில் ஒரு மாணவனின் கை எங்கே வலிக்கும், எந்தக் கேள்வி நேரத்தைத் தின்னும் என்பது அப்போதுதான் தெரியும்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது: "என்னோடு இன்னொரு இயற்பியல் ஆசிரியர் இருக்கிறாரா?" சீனியர் ஒருவர் இருந்து, அவர் ஒரு செக்ஷன், நீங்கள் ஒரு செக்ஷன் என்றால் தாராளமாக ஏற்கலாம், சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது, வினாத்தாள் எடுக்கவும் சொல்லிக்கொடுப்பார். அவர் வகுப்பின் பின்னால் உட்கார்ந்து சில பீரியட் பார்க்க அனுமதி கேளுங்கள், அதைவிடப் பெரிய பயிற்சி எதுவும் இல்லை. பள்ளியில் நீங்கள் ஒருவர்தான் இயற்பியல், போன வருடம் இருந்தவர் நடுவில் போய்விட்டார் என்றால், அவர் ஏன் போனார் என்று தெரிந்துகொள்ளாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நீட் கிளாஸும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்கள்.

முதல் வருடம் வேண்டாம். நீட்டில் இயற்பியலுக்கு 45 கேள்வி, 180 மதிப்பெண், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான் என்கிற வேகம். பொதுத்தேர்வுக்கு நடத்துவதும் அதுவும் வேறு வேறு பயிற்சி. "இந்த வருஷம் போர்டு பாடத்தை நன்றாகச் செய்கிறேன், அடுத்த வருஷம் அதையும் பார்க்கலாம்" என்று பணிவாகச் சொல்லுங்கள். இரண்டையும் தலையில் கட்டினால்தான் வேலை என்றால் மறுத்துவிடலாம்.

நான் இயற்பியல். கணிதமும் சேர்த்து நடத்தச் சொன்னால்?

ஒன்பதாம் வகுப்புவரை சரி. பிளஸ் டூ கணிதம் வேண்டாம்.

சேரும் முன் பள்ளியிடம் என்னென்ன கேட்க வேண்டும்? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ?

தப்பாக நினைக்கிற பள்ளியில் சேராமல் இருப்பதே நல்லது. நிறையப் பேர் "நான் தயாராக இல்லை" என்று சொல்கிறார்களே, அவர்களிடம் துருவிக் கேட்டால் பிரச்சினை அவர்களிடம் இல்லை, வேலையிடம் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு பீரியடில் ஏழு பீரியட், காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்டடி, ஞாயிறு தேர்வு, கூடவே அட்மிஷன் நேரத்தில் வீடு வீடாகப் போய் ஆள் பிடிப்பது. இத்தனையும் வைத்தால் முப்பது வருட அனுபவசாலியும் தயாராக இருக்க மாட்டார். முதல் வருட ஆசிரியருக்கு ஒவ்வொரு பீரியடுக்கும் வீட்டில் ஒரு மணி நேரமாவது தயாரிப்பு வேண்டும். வாரத்துக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து பீரியட் என்றால் மூச்சு விடலாம். முப்பத்தைந்து என்றால் நீங்கள் படிக்காமல்தான் வகுப்புக்குப் போவீர்கள், அதில் உங்கள் தப்பு எதுவும் இருக்காது.

எனவே வாரத்துக்கு எத்தனை பீரியட், எந்தெந்த வகுப்பு, கிளாஸ் டீச்சர் பொறுப்பு உண்டா என்று கேளுங்கள். சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கா, இல்லை மே மாதம் கிடையாதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள், சேர்ந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்க முடியாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பி.எஃப். பிடித்தம் இருக்க வேண்டும், இருக்கிறதா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு திரும்பி வாங்கி வந்துவிடுங்கள். நடுவில் போய்விடுவீர்களோ என்ற பயத்தில்தான் பூட்டி வைக்கிறார்கள், ஆனால் டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரும் நாளில் அது உங்கள் கழுத்தை நெரிக்கும். பயத்தில் இருக்கும்போது "கொடுத்தாத்தான் வேலைன்னா கொடுத்துடுவோம்" என்று தோன்றும், அந்த நேரத்தில் வீட்டில் ஒருவரைக் கலந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகக் கூப்பிடுகிறார்கள். தனியார் பள்ளியைவிட இது நல்லதா?

2022-இல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிகமாக நிரப்ப ஏற்பாடு செய்தபோது, முதுகலை ஆசிரியருக்கு முதலில் 12,000 ரூபாய் என்று அறிவித்து, பிறகு 18,000 ஆக்கினார்கள். இந்தப் பணி நிரந்தரமாகாது, அந்த இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வந்தால் நீங்கள் கிளம்ப வேண்டியதுதான். அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

தயாராக இல்லை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன். பீரியட் எண்ணிக்கை மனிதத்தன்மையோடு இருக்கும், மூத்த ஆசிரியர்கள் இருப்பார்கள். அதற்கு மேல், அங்கே பாடம் எடுக்க ஆளில்லாமல் ஒரு வகுப்பு காத்திருக்கிறது. கிராமத்துப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லாமல் கைடை வைத்து மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, முழுசாகத் தயாராகாத நீங்களும் பெரிய வரம்தான். "என்னைவிட நல்லவர் யாராவது வருவார்" என்று நீங்கள் ஒதுங்கினால் அந்த நாற்காலி ஆகஸ்ட் வரை காலியாகவே கிடக்கவும் கூடும்.

டி.ஆர்.பி.க்குப் படிக்கிறேன். வேலைக்குப் போனால் படிப்பு கெடாதா?

நேரம் குறையும், அது உண்மை. முதுகலை ஆசிரியர் தேர்வில் 150-க்கு 110 பாடத்திலிருந்து வருகிறது, அதுவும் குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் என்று எம்.எஸ்சி. மட்டத்தில். பள்ளியில் நடத்துவது அதற்கு நேரடியாக உதவாது. 30 மதிப்பெண் கல்வியியலுக்கு வகுப்பு அனுபவம் கொஞ்சம் உதவும். வீட்டில் பணக் கஷ்டம் இல்லை, தேர்வு அறிவிப்பு வந்துவிட்டது, இன்னும் சில மாதம்தான் என்றால் வேலையைத் தள்ளிப்போட்டுப் படியுங்கள். அறிவிப்பே வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது என்றால் அதற்காக வருடக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டாம்.

ஒரு வருடம் வீட்டிலேயே நன்றாகப் படித்துத் தயாராகிவிட்டு அடுத்த ஜூனில் போகட்டுமா?

என் கருத்தில் வேண்டாம். பாடம் கொஞ்சம் கூடும், பயம் அப்படியே இருக்கும், இன்னும் வளரவும் செய்யும். நீச்சல் மாதிரிதான், கிணற்றில் இறங்காமல் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு கேட்டாலும் வராது. உடல்நிலை, குழந்தை, வீட்டுப் பொறுப்பு என்று வேறு காரணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். பயம் மட்டும்தான் காரணம் என்றால், ஏதாவது ஒரு டியூஷன் சென்டரில் பத்துப் பிள்ளைகளுக்காவது நடத்துங்கள்.

ஒத்துக்கொண்டுவிட்டேன். பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்க?

முதல் அலகின் பின்பக்கக் கேள்விகள் அத்தனையையும், ஒரு கணக்கு விடாமல், உங்கள் கையால் போட்டு முடியுங்கள். தனி நோட்டில் போடுங்கள், அந்த நோட்டு பல வருடம் கூட வரும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன, அதே பாடத்தை இரண்டு மூன்று ஆசிரியர்கள் எப்படித் தொடங்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள், அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். கரும்பலகையில் எழுதிப் பழகுங்கள், வீட்டில் பலகை இல்லையென்றால் காலியான வகுப்பறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள், கடைசி பெஞ்சில் போய் நின்று உங்கள் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். முதல் வாரத்துக்கான பாடக்குறிப்பை எழுதிவிடுங்கள். முதல் நாள் பீரியட் முழுவதும் "உங்க பேர் என்ன, பத்தாவதுல எத்தனை மார்க்" என்று ஓட்டாமல், பத்து நிமிடமாவது பாடம் நடத்துங்கள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் தூக்கிக் காட்டினால்கூடப் போதும், நிலைமின்னியல் ஆரம்பமாகிவிட்டது.

சேர்ந்த பிறகு முடியவில்லை என்றால் நடுவில் விடலாமா?

காலாண்டுத் தேர்வு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். ஜூன், ஜூலை எல்லோருக்கும் மோசமாகத்தான் இருக்கும். காலாண்டுத் தாள்களைத் திருத்தும்போது உங்களுக்கே ஒரு தெளிவு வரும். அதன் பிறகும் முடியவில்லை என்றால் பள்ளிக்கு மாற்று ஆள் தேட நேரம் கொடுத்து, எழுத்தில் சொல்லி, நடத்திய பாடம் எதுவரை என்று குறித்துக்கொடுத்துவிட்டு விலகலாம். டிசம்பருக்கு மேல் பிளஸ் டூ வகுப்பை விட்டுப் போகாதீர்கள். உடம்புக்கு முடியாமல் போனால், பள்ளியில் மரியாதை இல்லாமல் நடத்தினால், அது வேறு, அங்கே ஒரு நாள்கூடத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றே முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சொல்வது?

போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், பள்ளி ஜூன் முதல் வாரம் வரை காத்திருந்து தவிக்கும். முடிவெடுத்த அன்றைக்கே ஹெச்.எம்.முக்கு நேரில் பேசியோ செய்தி அனுப்பியோ சொல்லிவிடுங்கள். "வணக்கம் சார், எனக்கு இந்த வாய்ப்பைக் கொடுத்ததற்கு நன்றி. பிளஸ் டூ பொதுத்தேர்வு வகுப்பைத் தனியாக எடுத்து நடத்தும் அளவுக்கு இந்த வருடம் என்னால் முடியாது என்று நினைக்கிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்பில் இடம் இருந்தால் வரத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதினால் போதும். கடைசி வரியை உண்மையாகவே வருவதாக இருந்தால் மட்டும் சேருங்கள். இப்படி எழுதியவர்களைப் பள்ளிகள் திரும்பக் கூப்பிட்டு, கேட்ட வகுப்பையே கொடுத்ததும் உண்டு.